செவலையை அவிழ்க்கும் தீர்மானம்

வேலம்பட்டறை நகராட்சிக்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், ஓர் ஆணையர், நான்கு குழுக்கள், பதினெட்டு வார்டுகளுக்கும் உறுப்பினர்கள், இவ்வளவு பேரையும் தட்டிக்கேட்க ஓர் எதிர்க்கட்சி என்று எதிலும் குறைவில்லை. அத்தனை பேரும் கண்ணாயிரம்தான்.

இதில் கண்ணாயிரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எண்பதுகளின் தொடக்கம் அது. தேர்தல் வைத்தால் உறுப்பினர்கள் வருவார்கள், உறுப்பினர்கள் வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் தெருவிளக்கு எரியாது என்று மேலே இருந்தவர்கள் யோசித்து, ஊர் ஊருக்கு மன்றங்களை நிறுத்திவைத்துவிட்டுத் தனி அலுவலர்களைப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சண்டை இல்லை. தெருவிளக்கு மட்டும் முன்பு போலவே எரியாமல் இருந்தது.

மற்ற ஊர்த் தனி அலுவலர்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாக் கையெழுத்தையும் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கண்ணாயிரத்துக்கு அந்த அலட்சியம் பிடிக்காது. ஒரு பதவியின் அதிகாரம் இன்னொரு பதவியோடு கலந்துவிடக் கூடாது, கலந்தால் ஜனநாயகம் கெட்டுப்போகும் என்பது அவருடைய கொள்கை. அதனால் பதவிக்கு ஒரு நாற்காலி என்று பிரித்துவைத்திருந்தார். ஆணையருக்குச் சுழல் நாற்காலி. தலைவருக்குக் கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய பழைய தேக்கு நாற்காலி. குழுக்களுக்குப் பிரம்பு நாற்காலிகள். உறுப்பினர்களுக்கு நீள பெஞ்சு. எதிர்க்கட்சிக்கு ஒரு கால் குட்டையான மடக்கு நாற்காலி. அதைச் சரிசெய்யத் தச்சர் வந்தபோது, எதிர்க்கட்சி கொஞ்சம் ஆடிக்கொண்டிருப்பதுதான் நல்லது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆணையர் நாற்காலியில் இருந்து ஒரு கடிதம் எழுதித் தலைவருக்கு அனுப்புவார். கடிதத்தை, மார்பில் குறுக்குப் பட்டை போட்ட டவாலி தங்கவேல் பித்தளைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவான். அவன் போய்ச் சேர்வதற்குள் கண்ணாயிரம் பின்கதவு வழியாகப் போய், சிங்கமுக நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்துக்காகக் காத்திருப்பார். சில நாள் தங்கவேல் முந்திவிடுவான். அப்போது காலி நாற்காலியின் முன்னால் தட்டோடு நிற்பான்.

தங்கவேலுக்கு இந்தப் பழக்கம் லேசில் வரவில்லை. வந்த புதிதில், ஆணையருக்கு டீ கொடுத்த கொஞ்ச நேரத்தில் தலைவருக்கும் டீ கொண்டுபோக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இப்போதுதானே குடித்தார் என்று இருந்துவிட்டான். தலைவரை அவமதித்ததாக அவனுக்கு மெமோ வந்தது. அன்று கண்ணாயிரம் அவனைக் கூப்பிட்டு, நாற்காலியில் இருக்கும் ஆளைப் பார்க்காதே, ஆளுக்குக் கீழே இருக்கும் நாற்காலியைப் பார், உத்தரவு அங்கிருந்துதான் வருகிறது என்று புத்தி சொன்னார். தங்கவேல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சாமக்கொல்லை மாதையனுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. ஜவ்வாது மலையில் அவனுக்குக் கொஞ்சம் சரிவு நிலம், நாலு புளியமரம், செவலை, மயிலை என்று இரண்டு எருதுகள். எருதுகளின் முதுகில் புளிப் பொதியை ஏற்றிக்கொண்டு புதன்கிழமைச் சந்தைக்கு வேலம்பட்டறை இறங்குவான். விற்றுவிட்டு உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு பொழுதோடு மலையேறிவிடுவான். அந்தப் புதன்கிழமை அவனுக்கு ரொம்ப அவசரம். ஆனி பிறந்து மலையில் நல்ல மழை ஒன்று இறங்கியிருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது சாமை விதைக்க வேண்டும். விதைக்காவிட்டால் அடுத்த ஆனி வரைக்கும் வீட்டில் உலை வைக்க எதுவும் இருக்காது.

சந்தையை விட்டு வரும் வழியில் நகராட்சிக் கட்டடம். வேலம்பட்டறை மூன்றாம் நிலை நகராட்சியாக உயர்ந்த நாளை ஒவ்வோர் ஆண்டும் அங்கே கொண்டாடுவார்கள். அன்று அந்த நாள். வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரம் கட்டியிருந்தது. பந்தலில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மைக் செட்டுக்காரன் ஒயர் சுருளைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மாதையன் பார்த்தான். விழா முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா முடிந்து, சாமி மலையேறிய பிறகு, பந்தலில் கட்டிய வாழையும் தோரணமும் ஊர் எருதுகளுக்குச் சொந்தம். உழைக்கிற ஜீவன் தின்ன வேண்டும் என்பதற்காக வைத்த வழக்கம். தின்னாமல் காயவிட்டால் அந்த வருஷம் விளைச்சல் இராது என்பார்கள். அதனால் செவலை வாழையைப் பார்த்துக் கழுத்தை நீட்டியபோது மாதையன் கயிற்றைத் தளர்த்திவிட்டான். புண்ணியம்தானே என்று நின்று வேடிக்கையும் பார்த்தான்.

விழா முடியவில்லை. தொடங்கவே இல்லை. கூட்டம் வராததால்தான் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். கண்ணாயிரம் வரவேற்புரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஒரு பக்கத்து வாழை முழுக்கப் போய், செவலை அடுத்த பக்கத்துக்கு நடந்துகொண்டிருந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் மாடு அடைக்கும் பவுண்டு இருந்தது. தங்கவேல் செவலையை அதில் தள்ளிப் பூட்டினான். மயிலை வெளியே நின்று கத்தியது. தப்பு நடந்துவிட்டது என்பது மாதையனுக்குப் புரிந்துவிட்டது. தெண்டம் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஆணையர் அறைக்குப் போனான்.

சுழல் நாற்காலியில் இருந்த கண்ணாயிரம் கடுகடுவென்று இருந்தார். நகராட்சிச் சொத்தை மாடு தின்றிருக்கிறது, சட்டப்படி நடவடிக்கை எடுப்பதுதான் ஆணையரின் வேலை, மன்னிப்பதும் தெண்டம் போட்டு விடுவதும் தலைவரின் அதிகாரம், தலைவரைப் போய்ப் பார் என்றார். தலைவர் எங்கே இருப்பார் என்று மாதையன் கேட்டான். பக்கத்து அறையில், இப்போது வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுக் கண்ணாயிரம் எழுந்து பின்கதவு வழியாகப் போனார்.

தங்கவேல் மாதையனைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சிங்கமுக நாற்காலியில் கண்ணாயிரம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "வாப்பா. யாரு நீ? எந்த ஊரு?" என்று கேட்டார்.

மாதையன் திரும்பித் தங்கவேலைப் பார்த்தான். தங்கவேல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் மாதையன் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். தலைவர் உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆணையர் கொஞ்சம் கடுமையான மனுஷன். நானும் பல தடவை சொல்லிப் பார்த்துட்டேன், கேட்கிற ஆள் இல்லை. என் மனசுல உன் மாட்டை இப்பவே விட்டுடணும்னுதான் இருக்கு. ஆனா நான் ஒருத்தன் முடிவு பண்ணா அது சர்வாதிகாரம் ஆயிடும். மன்றம் கூடித்தான் தீர்மானம் போடணும். உறுப்பினர்கள் எல்லாரும் வர வேண்டாமா?"

மாதையன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் யோசித்த பிறகு அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் உடம்பு சிலிர்த்தது.

அவனுடைய சித்தப்பா மகன் கோவிந்தன் மேல் வேடியப்பன் சாமி வருவார். வந்தால் கோவிந்தன் வேறு ஆள். பேச்சு வேறு, பார்வை வேறு. பக்கத்தில் நிற்கும் சொந்த மனைவியையே யாரென்று கேட்பான். அப்போது சொல்வது சாமியின் வாக்கு. சாமி மலையேறிய பிறகு கோவிந்தனிடம் போய், நேற்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று யாரும் கேட்கக் கூடாது. சில நாள் வேடியப்பன் போனதும் அதே உடம்பில் காளியம்மா வருவாள். வேடியப்பன் கொடுக்க மாட்டேன் என்றதை அவள் கொடுப்பதும் உண்டு. ஆள் யார் என்பது கணக்கே இல்லை. ஒரு வருஷம் மலைக்குப் புளி வாங்க வந்த கீழ்நாட்டு வியாபாரி மேலேயே சாமி வந்தது. அவர் சொன்ன வாக்குக்கும் ஊரே கட்டுப்பட்டது. ஒன்றே ஒன்றுதான் முக்கியம். சாமி மலையேறுகிற வரைக்கும் அந்த உடம்பை யாரும் தொட்டு எழுப்பக் கூடாது.

அன்று முதல் மாதையன் மரியாதையைக் கூட்டினான். தங்கவேலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஏங்ணா, அய்யா மேல மொத்தம் எத்தினி சாமிங்க வருது?"

தங்கவேல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "குழுவெல்லாம் சேத்தா இருவது இருவத்தஞ்சு இருக்கும்பா."

"இன்னா வாங்கும்? ஆடா, கோழியா?"

"டீதான்" என்றான் தங்கவேல்.

மன்றம் கூட வேண்டுமானால் உறுப்பினர்களுக்கு மூன்று நாள் முன்னதாக அறிவிப்புப் போக வேண்டும். கண்ணாயிரம் அறிவிப்பு எழுதி, பதினெட்டு வார்டுகளுக்கும் பதினெட்டுப் பிரதி எடுத்து, தபாலில் தன் வீட்டுக்கு அனுப்பினார். தபால்காரர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாதையன் அதுவரை சந்தைக் கொட்டகையில் கிடந்தான். காலையில் புல் அறுத்துப் பவுண்டுச் சுவருக்கு மேலே போடுவான். செவலை தின்னும்; மயிலை தின்னாது. அதற்குச் செவலை பக்கத்தில் நின்றால்தான் இரை இறங்கும். மாதையன் அதன் விலாவைத் தடவிக்கொடுத்துக்கொண்டு மலையைப் பார்ப்பான். மேலே மப்பு கலைந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் வெயிலும் தன் நிலத்து ஈரத்தைத்தான் உறிஞ்சுகிறது என்று நினைக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது.

அவனுக்குக் கூழ் ஊற்றியவள் பாஞ்சாலை. நகராட்சிக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருந்தவள். அவள் தெருக் குழாயில் தண்ணீர் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆணையரைப் பார்த்து, தலைவரைப் பார்த்து, மன்றத்தைப் பார்த்து, இப்போது குடிநீர்க் குழுவில் வந்து நிற்கிறது என்று சொன்னாள். குழுவில் கருத்து வேறுபாடாம்.

"ஒரே ஆளுக்குள்ள இன்னாம்மா கருத்து வேறுபாடு?" என்று மாதையன் கேட்கவில்லை. இருபது சாமிகள் வருகிற இடத்தில் அது நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது.

மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் இருப்பதால், மாதையனைப் பொதுமக்களாகச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். கண்ணாயிரம் முதலில் சிங்கமுக நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் தொடங்குவதாக அறிவித்தார். பிறகு எழுந்து பெஞ்சுக்குப் போய், ஏழாம் வார்டு உறுப்பினராக, மலைவாழ் விவசாயியின் மாட்டை மனிதாபிமானத்தோடு விடுவிக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். மாதையனுக்கே கண் கலங்கிவிட்டது. கண்ணாயிரம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அதை வழிமொழிந்தார். மூன்றாம் வார்டுக்கு நகர்ந்து, இன்று ஒரு மாட்டை விட்டால் நாளைக்கு எல்லா மாடும் வாழைக்கு வரும் என்று எச்சரித்தார்.

அப்புறம் மடக்கு நாற்காலிக்குப் போனார். அங்கே உட்கார்ந்ததும் அவருடைய குரலே மாறியது.

"தலைவர் அவர்களே! இந்த மன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பேச நேரம் தரப்படுவதில்லை. எல்லாமே ஒருவர் விருப்பப்படி நடக்கிறது. தலைவரும் ஆணையரும் கூடிப் பேசிக்கொண்டு முடிவெடுத்துவிட்டு, நம்மை வெறும் கை தூக்கும் பொம்மைகளாக நினைக்கிறார்கள். ஊரில் தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. வாழை மரத்தைக் காப்பாற்ற முடியாத நிர்வாகம் மக்களை எப்படிக் காப்பாற்றும்? இதைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன்."

விறுவிறுவென்று வெளியே போனார். எதிரில் பாஞ்சாலை கடையில் ஒரு டீ குடித்தார். மன்றம் அவருக்காகக் காத்திருந்தது. மாதையனும் தங்கவேலும் காலி நாற்காலிகளும்தான் மன்றம். டீ முடிந்ததும் அவர் திரும்பி வந்து சிங்கமுகத்தில் உட்கார்ந்து, எதிர்க்கட்சியின் பொறுப்பற்ற போக்குக்கு வருத்தம் தெரிவித்தார். வாக்கெடுப்பு நடந்தது. கண்ணாயிரம் பெஞ்சு நெடுக நகர்ந்து நகர்ந்து கை தூக்கியதில் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றது. தலைவர் தன் வாக்கைப் போட்டிருக்கலாம். ஆனால் மன்றம் இரண்டுபட்டு நிற்கும்போது தலைவர் ஒரு பக்கம் சாய்வது நாகரிகமல்ல என்று சொல்லி, விஷயத்தைக் குழுக்களுக்கு அனுப்பினார்.

சுகாதாரக் குழு, மாடு நகராட்சி எல்லைக்கு வெளியே பிறந்தது என்பதால் அதைச் சோதிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது. ஆனால் சோதிக்காமல் வெளியே விடவும் கூடாது என்றது. பணிக்குழு, அந்தப் பவுண்டு ஆட்டுக்கென்று கட்டியது, மாட்டுக்குத் தகுந்தபடி கதவை அகலமாக்கிய பிறகே மாடு வெளியே வர முடியும் என்றது. செவலை உள்ளே போனதே அந்தக் கதவு வழியாகத்தான் என்று மாதையன் சொல்லப் பார்த்தான். அது கதவு அகலமாக்கப்படுவதற்கு முன்னால் என்றார்கள். கடைசியில் ஒப்பந்தக் குழு பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாருடைய கஷ்டத்தையும் தீர்க்க ஒரு வழி சொன்னது. மாட்டை ஏலம் விட்டுவிடலாம்.

ஏலத்தில் தானே கேட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றான் மாதையன். நகராட்சிக்கு வரி கட்டுகிறவர்கள் மட்டுமே ஏலம் கேட்கலாம் என்று பதில் வந்தது.

ஏலம் புதன்கிழமை என்று முடிவானது. அடிமாட்டு வியாபாரி ஒருவர் முந்தின நாளே வந்துவிட்டார். பவுண்டுக்குள் எட்டிப் பார்த்துச் செவலையின் தொடையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பல்லைப் பார்க்கவில்லை. உழவுக்கு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான். தொடையைப் பார்க்கிறவன் எதற்கு வாங்குகிறான் என்பது மாதையனுக்குத் தெரியும். தன் வீட்டில் கன்றாகப் பிறந்து, தன் கையால் மூக்கணாங்கயிறு போட்ட மாடு. தான் கயிற்றைத் தளர்த்தியதால்தானே இப்படி ஆயிற்று என்று சுவரில் சாய்ந்துகொண்டு தேம்பினான்.

ஏல நாள் காலையில் கெங்கம்மாள் வந்துவிட்டாள். மாதையனின் மனைவி. சந்தைக்குப் போன புருஷன் ஒரு வாரமாகத் திரும்பவில்லையே என்று விடிவதற்கு முன்னால் புறப்பட்டு, கையில் ஒரு மூங்கில் கோலோடு மலையிறங்கி வந்திருந்தாள். முந்தின ராத்திரி மேலே மறுபடியும் நல்ல மழை. ஊரில் எல்லார் நிலத்திலும் ஏர் போய்க்கொண்டிருந்தது, அவர்கள் நிலத்தைத் தவிர.

மாதையன் நடந்ததையெல்லாம் சொன்னான். அய்யா மேல் எந்தெந்த சாமி எந்த இடத்தில் வரும், எது இரக்கமுள்ளது, எது கோபக்கார சாமி என்று விளக்கினான். கெங்கம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் பெரிய சாமி எது?" என்றாள்.

"சிங்கமூஞ்சி போட்டுகீதே, அதுல வர்றதுதான்."

"செரி. வா, போய்ப் பாக்கலாம்."

அவர்கள் உள்ளே போனபோது ஏலத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாயிரம் மடக்கு நாற்காலியில் இருந்தார். மாட்டை ஏலம் விடுவது நகராட்சிச் சொத்தைத் தாரைவார்ப்பது என்று எதிர்க்கட்சி சார்பில் கண்டித்துவிட்டு வெளிநடப்புச் செய்தார். போகும்போது தங்கவேலிடம், தலைவர் வந்ததும் ஏலத்தைத் தொடங்கச் சொல்வார், தயாராக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். பாஞ்சாலை அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

கெங்கம்மாள் காட்டுப் பாதையில் அவ்வளவு தூரம் வேகமாக இறங்கி வந்தவள். கால் வலி பொறுக்காமல் கிட்டத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று மாதையன் இன்றைக்கும் சொல்கிறான். கெங்கம்மாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சிங்கமுகக் கைப்பிடிகளில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டாள்.

வாசலில் நின்ற தங்கவேல் திரும்பிப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். இத்தனை வருஷப் பழக்கம் சும்மா போகுமா? குறுக்குப் பட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"உத்தரவுங்க?"

கெங்கம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. "மாட்ட அவுத்து வுடு" என்றாள்.

"எந்த மாடுங்க?" தெளிவில்லாத உத்தரவை நிறைவேற்றினால் மெமோ வரும் என்பது தங்கவேலுக்குத் தெரியும்.

"செவலைய."

தங்கவேல் போனான். பூட்டைத் திறந்தான். செவலை எந்தக் கதவு வழியாக உள்ளே போனதோ அதே கதவு வழியாக வெளியே வந்தது. மயிலை அதைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றன. பொதி மாடுகளுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. அவை பாட்டுக்கு மலைப்பக்கம் நடையைக் கட்டின. வியாபாரி ஓடி வந்து கத்திப் பார்த்தார். தலைவர் உத்தரவு என்றான் தங்கவேல்.

சத்தம் கேட்டுக் கண்ணாயிரம் டீயை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"யார் சொல்லி மாட்டை விட்டே?"

"தலைவர் சொன்னாருங்க."

"தலைவர் நான்தானேடா!"

"நீங்க இப்ப வெளிநடப்புல இருக்கீங்க" என்றான் தங்கவேல் பணிவாக.

மற்றவர்களாக இருந்தால் கத்தியிருப்பார்கள். கண்ணாயிரம் கொள்கை உள்ள மனிதர். தங்கவேல் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. வேகமாக ஆணையர் அறைக்குப் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தலைவரின் உத்தரவை நிறைவேற்றுவதுதான் ஆணையரின் கடமை. அங்கிருந்து எழுந்து ஒப்பந்தக் குழுவில் உட்கார்ந்தார். ஏலம் விட மாடு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். மன்றத்தைக் கூட்டினால் உத்தரவை ரத்து செய்யலாம், ஆனால் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஆள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் ஆள் இருந்தது.

கடைசியில் எதிரில் வந்து நின்றார். "அம்மா, எழுந்திருங்க. இது நீங்க உட்கார்ற இடம் இல்லை."

கெங்கம்மாள் அசையவில்லை. கண்ணாயிரம் அவள் தோளைத் தொட்டு எழுப்பக் கையை நீட்டினார். மாதையன் பதறிப்போய்க் குறுக்கே விழுந்து கும்பிட்டான்.

"அய்யா, தொட்டுடாதீங்க. சாமி இன்னும் மலையேறல."

தங்கவேலும் ஓரடி முன்னால் வந்தான். தலைவர் அமர்ந்திருக்கும்போது எதிர்க்கட்சி கிட்டே போகக் கூடாது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கண்ணாயிரம்தான் கற்றுக்கொடுத்தார். அவர் கையை இழுத்துக்கொண்டு, போய் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது.

ஜன்னல் வழியாக மலையடிவாரப் பாதை தெரியும். கெங்கம்மாள் ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவலையும் மயிலையும் ஏரிக்கரையைத் தாண்டிப் புதருக்குள் மறைந்த பிறகு மெதுவாக எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"மலையேறிட்டுது" என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஏர் கட்டினார்கள். ஈரம் இருந்தது. கொஞ்சம் பிந்திப் போனாலும் சாமை முளைத்தது.

அடுத்த இரண்டு சந்தைக்கு மாதையன் இறங்கவில்லை. மூன்றாவது புதன்கிழமை கெங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு, புளியோடு, குலை தள்ளிய வாழை ஒன்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். தின்ற வாழைக்கு ஈடாக நகராட்சி வாசலில் கட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். கட்டிவிட்டுச் செவலையின் கயிற்றைக் கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

கண்ணாயிரம் சிங்கமுக நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. நடந்ததைத் தங்கவேல் சொன்னான். இனிமேல் கண்டவர்கள் உட்காராமல் இருக்க, மாடு போன மறுநாளே கண்ணாயிரம் ஓர் அவசரத் தீர்மானம் கொண்டுவந்தாராம். தலைவரின் முன்அனுமதி இல்லாமல் யாரும், யாராக இருந்தாலும், அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. எதிர்க்கட்சி உட்பட எல்லாரும் ஒருமனதாகக் கை தூக்கி நிறைவேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அனுமதி கொடுக்க வேண்டுமென்றால் தலைவர் முதலில் நாற்காலியில் உட்கார வேண்டும். விளக்கம் கேட்டு மேலே எழுதியிருக்கிறார். பதில் வருகிற வரைக்கும் நின்றுகொண்டிருக்கிறார். நிற்கிறவரிடம் இருந்து உத்தரவு வாங்கத் தங்கவேலுக்குப் பழக்கமில்லை.

"பாவம்" என்றான் மாதையன். "சாமி வுட்டுப் போச்சுன்னா மனுஷனுக்குக் கஷ்டந்தான்."

சந்தையில் கெங்கம்மாள் புளி மூட்டை மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். பாஞ்சாலை வெற்றிலை பாக்கோடு வந்து எதிரில் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கெங்கம்மா, எங்க தெருக் குழாயில தண்ணி நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. அந்தச் சாமி உன் மேல இன்னொரு வாட்டி வருமா?"

"அந்த நாக்காலியிலதான் இப்ப யாரும் உக்கார முடியாதாமே" என்றாள் கெங்கம்மாள்.

"மூட்டை மேல உக்காந்தா வராதா?"

கெங்கம்மாள் சந்தையை ஒரு பார்வை பார்த்தாள். தங்கவேல் தக்காளி வாங்க அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். அவள் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"இந்தாப்பா, தங்கவேலு. பாஞ்சாலை வூட்டாண்ட கீற கொழாய்க்கு இன்னா வந்துச்சு? போய்த் தொறந்து வுடு."

தங்கவேல் மூட்டையைப் பார்த்தான். அது எந்தப் பதவிக்குரியது என்று அவனுக்குச் சொல்லித்தரப்படவில்லை. ஆனால் உட்கார்ந்துகொண்டு சொன்ன உத்தரவு, நின்றுகொண்டு சொன்னதல்ல. அவன் தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு, குறுக்குப் பட்டையை நேராக்கிக்கொண்டு போனான்.

அந்தத் தெருக் குழாயை மூடித் திறக்கிற சாவி இரண்டு வருஷமாக அவன் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திற என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பாஞ்சாலை குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு, துருப்பிடித்த தண்ணீரைக் கொஞ்சம் கக்கிவிட்டு, நல்ல தண்ணீராக ஊற்றியது.